மசினகுடியில் இரண்டு இரவு: எங்கே ரூம் போடலாம்?

"ஊட்டியிலேயே ரூம் போட்டுட்டு, ஒரு நாள் மட்டும் மசினகுடி வந்து போயிடலாமா?" கோவையிலிருந்து கூப்பிடும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடலூர்க்காரனான என்னிடம் முதலில் கேட்பது இதுதான். வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடி சுமார் 1,000 மீட்டர். நடுவில் கல்லட்டி மலைப்பாதை, 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வழியில் இறங்க வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். கூடலூர் சுற்றி வந்தால் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல். மானும் யானையும் வெளியே வருவது விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும். அந்த இரண்டு வேளையும் நீங்கள் காருக்குள் வளைவு எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டமும் பனிமூட்டமும் எதிர்பார்த்து இங்கே வராதீர்கள். இது மலையின் மழை மறைவுப் பக்கம். ஆடியில் கூடலூரில் துணி காயாமல் நாங்கள் தவிக்கும்போது, இங்கே ஜீப் போனால் புழுதி எழும்பும். முள் மரங்கள், வறண்ட ஓடைகள், மார்ச்சில் நரை விழுந்தது மாதிரி நிற்கும் புல். அந்த வறட்சிதான் இந்த ஊரின் அழகு. புதர் மெலிந்து கிடப்பதால் கண் தூரம் வரை போகும்.

சரி, தங்குவது எங்கே? மூன்று வழி இருக்கிறது.

ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, தெப்பக்காட்டில் வனத்துறையின் ஓய்வு விடுதிகள். முதுமலை புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். சனி, ஞாயிறு கிடைப்பது குதிரைக்கொம்பு. அறை சாதாரணமாகத்தான் இருக்கும், சாப்பாட்டில் பெரிதாக எதுவும் எதிர்பார்க்க முடியாது, இருட்டிய பிறகு வாசலைத் தாண்டக் கூடாது. ஆனால் பக்கத்திலேயே மாயாறு. ராத்திரி விளக்கை அணைத்ததும் தண்ணீர்ச் சத்தம் ஒன்றுதான். யானைகள் முகாமும் நடக்கும் தூரம். கேழ்வரகுக் களியையும் சோற்றையும் வெல்லம், தேங்காய் சேர்த்துப் பிசைந்து, பாகன்கள் தலையணை அளவு உருண்டையாக உருட்டி யானையின் வாய்க்குள்ளேயே வைப்பார்கள். ஒவ்வொரு யானைக்கும் என்ன, எவ்வளவு என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். பிள்ளைகளோடு போனால் அதை அவசியம் காட்டுங்கள்.

அடுத்தது மசினகுடி பஜாரை ஒட்டிய சின்ன லாட்ஜுகளும் வீட்டோடு சேர்ந்த அறைகளும். போன மாசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் அப்படி ஒன்றில்தான் தங்கினோம். மூட்டுவலிக்காரி, படி ஏற முடியாது. கீழ் அறை கொடுத்தார்கள், காலையில் வெந்நீர் வாளியைத் தூக்கி வந்து குளியலறையிலேயே வைத்தார்கள். ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் பின்பக்க வேலிக்கு அந்தப் பக்கம் பதினைந்து இருபது புள்ளிமான். ஒன்று வேலிக் கம்பியில் மூக்கை வைத்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது, மூச்சுவிடும்போது மூக்கோரம் லேசாகப் புகை. அம்மா டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை, காபி ஆறிப்போனது. பஜாரில் டீக்கடை பக்கத்திலேயே. ஒரே பெஞ்சில் தமிழ், கன்னடம், படுகர்கள் பேசும் படுகு மூன்றும் கேட்கலாம். குறை என்று பார்த்தால், விடிவதற்கு முன்பே ஜீப்புகளின் உறுமல்.

மூன்றாவது, பொக்காபுரம், வாழைத்தோட்டம் பக்கம் இருக்கும் ரிசார்ட்டுகள். மலைச்சுவர் நேர் எதிரே நிற்கும் அந்தக் காட்சிக்கு ஈடே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இங்கேதான் நான் தயங்குகிறேன். மசினகுடியைச் சுற்றியிருக்கும் சீகூர் பீடபூமி யானைகளின் வழித்தடம். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018இல் பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் அந்த வழித்தட அறிவிப்பு சட்டப்படி செல்லுபடியாகும் என்றே நீதிமன்றம் உறுதி செய்தது. விடுதி ஒன்றிலிருந்து எரியும் டயரை யானை மீது வீசிய கொடுமையும் இந்தப் பகுதியில்தான். அந்த யானை 2021 ஜனவரியில் இறந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

என் மச்சான் குடும்பம் ஒருமுறை அப்படி ஒரு இடத்தில் தங்கியது. சாப்பாடு முடிந்ததும் ஊழியர் மெதுவாக வந்து, "நைட் சஃபாரி போலாமா சார்?" என்று கேட்டிருக்கிறார். ராத்திரியில் காட்டுக்குள் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். மச்சான் மறுத்துவிட்டார். ஆனால் பக்கத்து அறைக்காரர்கள் ஏறிப் போனார்கள். ஆகவே ரிசார்ட்தான் வேண்டும் என்றால் முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா, இடம் வழித்தடத்துக்குள் வருகிறதா, ராத்திரி ஜீப் உண்டா? மூன்றாவதற்கு "ஏற்பாடு பண்ணலாம்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

வயதானவர்கள் கூட வந்தால் பஜார் அறை. வார நாளில் வர முடிந்து, வனத்துறை அறையும் கிடைத்தால் யோசிக்காமல் தெப்பக்காடு. இரண்டு இரவு இருந்தால் ஒன்று தெப்பக்காட்டில், ஒன்று பஜாரில் என்று பிரித்துக்கொள்வேன் நான்.

எங்கே தங்கினாலும் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். மைசூர் வழியாக வருபவர்கள் கவனிக்க வேண்டியது: பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு மைசூரிலிருந்து கிளம்பினால், வெயில் சாயும் நேரத்தில் தெப்பக்காட்டுப் பாலத்தைக் கடக்கலாம்.