மார்பகப் பரிசோதனைக்கு மெடிக்ளெய்ம்: 40 வயதுக்குக் கீழே எவ்வளவு உதவும்?

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் விற்கப்படும் குடும்ப மெடிக்ளெய்ம் பாலிசிகள் பலவற்றில் ‘வருடாந்திர இலவசப் பரிசோதனை’ உண்டு. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இளவயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்த 32 வயதுப் பெண்ணுக்கு அது அநேகமாக உதவாது. சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி என்று முடிந்துவிடும். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) சேர்ந்திருந்தாலும் வயது வரம்பைப் பாருங்கள்.

அவளுக்கு வேண்டியது வேறு. வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து 20 சதவீதத்துக்கு மேல் என்றால், 30 வயதிலிருந்து ஆண்டுதோறும் மேமோகிராமும் எம்ஆர்ஐயும் என்பது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் பரிந்துரை. இளவயது மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்த்தி அதிகம். மேமோகிராமில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனால்தான் எம்ஆர்ஐ. மார்பகத்துக்கான தனி காயில் (படம் எடுக்க மார்பைச் சுற்றி வைக்கும் கருவி) இருக்கிறதா, படத்தில் கட்டியை எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி உண்டா என்று சென்டரில் முதலிலேயே கேளுங்கள். மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 7ஆம் நாள் முதல் 14ஆம் நாளுக்குள் எடுத்தால் படம் தெளிவாக வரும்.

கிளெய்ம் மறுக்கப்படும் முக்கிய இடம் இதுதான். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது. பாலிசியில், பணம் தராத செலவுகளின் பட்டியலில், ‘எக்ஸ்க்ளூஷன் 04’ என்று எழுதியே இருக்கும். ஒருநாள் படுத்துவிட்டு பில் போடச் சொல்லும் ஏஜென்டை நம்ப வேண்டாம். இல்லாத கட்டியை டாக்டர் சீட்டில் எழுத வைப்பது அதைவிட மோசம். பாலிசிக்கு முன்பே இருந்த பழைய நோய் என்று அந்தச் சீட்டே பின்னால் உங்களுக்கு எதிராகத் திரும்பி வரலாம்.

ஓபி செலவு (அட்மிட் ஆகாமல் பார்க்கும் வைத்தியச் செலவு) தரும் பாலிசி மட்டுமே இங்கே கொஞ்சம் கைகொடுக்கும். எம்ஆர்ஐ சேருமா, எவ்வளவு வரை என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். டாக்டர் கடிதத்தில் யாருக்கு நோய், எந்த வயதில், பிஆர்சிஏ (மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் காட்டும் மரபணுச் சோதனை) முடிவு, என்ன பரிசோதனை என்ற நான்கும் இருக்கட்டும். அம்மாவுக்குத் திருவனந்தபுரம் ஆர்சிசியில் (மண்டலப் புற்றுநோய் மையம்) சிகிச்சை நடந்திருந்தால் பயாப்சி ரிப்போர்ட்டின் நகலை அங்கிருந்து வாங்கி இணையுங்கள்.

பரிசோதனையில் நோய் தெரிந்து ஆபரேஷன் வரை போனால் கதை மாறும். அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவில் அந்த எம்ஆர்ஐ பில்லும் சேரும். ஒரிஜினல் பில்லைத் தொலைக்காதீர்கள்.

எல்லையோரத்துக்கு இன்னொரு சிக்கல்: சில பாலிசிகளில் ஊருக்கேற்ற பிரீமியம். இங்கே வாங்கி, திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுத்தால் ஒரு பங்கைக் கையிலிருந்து கட்டச் சொல்லலாம். வாங்கும்போதே கேளுங்கள். குடும்பத்தில் நோய் உண்டா என்ற கேள்விக்கு உண்மையை மட்டும் எழுதுங்கள்.

பழைய வருமானவரி முறையில் இருப்பவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவில் (1961 சட்டத்தில் 80டி பிரிவு), அதன் மொத்த வரம்புக்குள், பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் சரி.

சிகிச்சைக்கு இந்தப் பாலிசி கட்டாயம் வேண்டும். முன்பரிசோதனைக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான். கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது பதில் சரியில்லையென்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டு முகவரிக்குச் சென்னை, கேரள முகவரிக்குக் கொச்சி. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.