கரண்ட் போனதும் சோலாரும் நிற்பது நல்லதா?

பல்லடம் பக்கம் மாமா வீட்டில் 3 கிலோவாட் சோலார் போட்டபின் வந்த முதல் பராமரிப்பு மின்தடை. உச்சி வெயிலில் போன் வந்தது: "ஏனுங்க மாப்ள, மேல வெயிலு கொளுத்துது, கீழ ஃபேன் நின்னு போச்சு. ஏமாத்திப்போட்டாங்களா?"

யாரும் ஏமாற்றவில்லை. பேட்டரி இல்லாமல், பேனல் கரண்டை ஈ.பி. லைனோடு சேர்க்கிற சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர் என்றால் நிற்கத்தான் வேண்டும். லைனில் கரண்ட் போனால் 2 வினாடிக்குள் அது துண்டித்துக்கொள்ள வேண்டும் என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதி. நிற்காவிட்டால் நம் வீட்டு 230 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் லைனுக்கே போய்விடலாம். கம்பத்தில் இருக்கும் லைன்மேனுக்கு அது தெரியாது. ஆன்கிரிட் மட்டும், ஹைப்ரிட், ஜெனரேட்டர் என்ற மூன்று வழிகளில் விலை குறைவு இதுதான், ஆபத்தும் குறைவு. குறை ஒன்றுதான்: கரண்ட் இல்லாதபோது உதவாது.

ஹைப்ரிட் இன்வெர்ட்டர் உதவும். பேட்டரி வைத்து, லைனைத் துண்டித்துவிட்டுத் தனி அவுட்புட்டில் ஃபேன், லைட், ஃபிரிட்ஜை ஓட்டும். ஆனால் செலவு எகிறும். அந்த அவுட்புட்டை மெயின் போர்டோடு சேர்த்து முடிச்சுப் போடுகிற வயர்மேனும் இருக்கிறார். லைனும் பேக்கப்பும் ஒன்றாகிவிட்டால், அப்புறம் ஹைப்ரிட் வாங்கி என்ன பயன்? பேக்கப்புக்குத் தனி போர்டு வைத்தாரா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தறி ஓட்டுகிறவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஜெனரேட்டர். வீட்டை ஈ.பி. அல்லது ஜெனரேட்டர், ஏதாவது ஒன்றோடு மட்டும் சேர்க்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருந்தால் சரி. இரண்டு பக்கமும் பிளக் மாட்டிய வயரைச் சாக்கெட்டில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு கலங்கும். அந்தக் கரண்ட் லைனுக்கும் ஏறும்; ஊரே லோடு இழுத்து ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும் என்பார்கள். பெரும்பாலும் நிற்கும்தான். ஆனால் வேலைக்காக ஃபியூஸைப் பிடுங்கி, அந்தத் துண்டுக் கம்பியில் நம் வீடு ஒன்றே மிஞ்சினால்? திணற லோடே இருக்காது, கம்பியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, சோலார் இணைப்பு சேஞ்ச்ஓவருக்கு முன்னால், ஈ.பி. பக்கம் இருக்க வேண்டும். வீட்டுப் பக்கம் இருந்தால் ஜெனரேட்டரையே லைன் என்று நம்பி இன்வெர்ட்டர் அதற்குள் கரண்டைத் தள்ளும், ஜெனரேட்டர் கெடலாம்.

பொறுப்பு யாருடையது? மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பதற்கு முதலில் கேள்வி வருவது வீட்டுக்காரரிடம்தான். அதனால் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக நிற்கிறதா என்று பார்க்கும் ஐஎஸ் 16169 சோதனைச் சான்றின் நகலை வாங்கி பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். ஈ.பி. ஆள் கையெட்டுகிற இடத்தில் சோலாரை லைனிலிருந்து பிரிக்கிற, பூட்டுப் போடக்கூடிய ஐசோலேட்டர் சுவிட்ச் வேண்டும். அதை இறக்கினாலும் பகலில் பேனல் வயரில் டிசி கரண்ட் இருக்கும், தொட வேண்டாம்.

மாமாவுக்கு வீட்டுக்கு ஹைப்ரிட், தறிக்கு சேஞ்ச்ஓவரோடு ஜெனரேட்டர் என்று சொன்னேன். மாற்றிய அன்று நண்பகலில் மெயினை இறக்கிப் பார்த்தோம். உள்ளே 'டக்' என்று ரிலே விழுந்தது, ஃபேன் நிற்கவில்லை. மெயினை ஏற்றியதும் மறுபடி லைனில் சேர 60 வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. "இத்தன நேரமா?" என்றார் மாமா. லைன் நிலையாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டிருந்தது.