காக்கி புக்கிட் பட்டறையில் வாங்கிய பழைய ரோலிங் மில்

கையால் நகை செய்பவர்களுக்கு ரோலிங் மில் இல்லாமல் வேலை ஓடாது. உருக்கி ஊற்றிய வெள்ளிக் கட்டியையோ 916 தங்கக் கட்டியையோ தகடாகவும் சதுரக் கம்பியாகவும் மாற்றித் தருவது அதுதான். இங்கிலாந்தின் டர்ஸ்டன் போன்ற நிறுவனங்கள் இன்றும் இவற்றைப் புதிதாகச் செய்து விற்கின்றன என்றாலும், வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தொழில் செய்யும் எனக்குப் புது எந்திரத்தின் விலை கட்டுப்படியாகவில்லை. ஆகவே, சிங்கப்பூரின் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் பழைய நகைப் பட்டறைக் கருவிகளைப் புதுப்பித்து விற்கும் ஒரு சிறு பட்டறையில், கையால் சுற்றும் மில் ஒன்றை 1,150 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். சில மாதங்கள் அதில் வேலை செய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கொடுத்த பணத்துக்குத் தகுந்த பொருள் என்பது என் முடிவு.

ரோலிங் மில்லுக்கு உயிர் அதன் இரண்டு எஃகு உருளைகள். உருளையின் முகத்தில் கடுகளவு துருக்குழி இருந்தாலும், அதன் வழியே போகும் ஒவ்வொரு தகட்டிலும் அது ஒரு சிறு மேடாகப் பதிந்துவிடும். அந்த மேட்டை அரம் போட்டு, எமரித்தாளால் தேய்த்து எடுப்பதற்குள், தங்கமாக இருந்தால் காசே பொடியாக உதிர்ந்து போகிறது. பழைய மில்லை விற்பவர்கள் பலரும் துருவைக் கரைசலில் கரைத்துவிட்டு, உருளையைக் கையால் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் தேய்த்த முகம் ஓரிடம் தாழ்ந்தும் ஓரிடம் உயர்ந்தும் போயிருப்பதால் தகடு எங்கும் ஒரே கனத்தில் வராது.

இந்தப் பட்டறை அந்த வழியில் போகவில்லை. உருளைகளைக் கழற்றி, அதற்குரிய எந்திரத்தில் இரண்டையும் ஒரே விட்டத்துக்குச் சாணை பிடித்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே விட்டமாக இருப்பது மிக அவசியம், ஏனென்றால் விட்டம் வேறுபட்டால், பற்சக்கரங்கள் இரண்டையும் ஒரே சுற்றாகச் சுழற்றும்போது பெரிய உருளையின் முகம் சற்று விரைவாக ஓடி, தகடு சின்ன உருளையின் பக்கமாகச் சுருண்டுகொண்டே வெளிவரும். ஒவ்வோர் உருளையிலும் 0.3 மி.மீ. எடுக்கப்பட்டது என்பதைக் கைப்பட எழுதியும் தந்தார்கள். பழைய மில் வாங்கும் எவரும் இந்த அளவைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. கடினப்படுத்திய மேற்பகுதி தீரும் அளவுக்குச் சாணை பிடித்துவிட்டால், உருளை எவ்வளவு மின்னினாலும் விரைவிலேயே தழும்பு விழத் தொடங்கிவிடும்.

வாங்கும் முன்பே சோதித்துப் பார்க்க அனுமதித்தார்கள். நெருப்பில் காய்ச்சி இளக்கிய 1 மி.மீ. செப்புத் தகட்டுத் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்றிருந்தேன். உருளைகள் இணையாக இல்லாவிட்டால், நெருக்கம் கூடிய பக்கத்தில் தகடு அதிகமாக நீண்டு, மறுபக்கம் நோக்கி வாழைக்காய் போல வளைந்துவிடும். என் துண்டு நேராகவே வந்தது. மைக்ரோமீட்டரில் அளந்தபோது இரண்டு ஓரங்களுக்கும் இடையே 0.01 மி.மீ. வேறுபாடுதான் இருந்தது. நாளடைவில் ஒரு பக்கம் பிசகினால், உருளைகளின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் இரு திருகுகளையும் இணைக்க மேலே உள்ள நடுப் பற்சக்கரத்தைத் தூக்கி, பிசகிய பக்கத்துத் திருகை ஒரு பல் நகர்த்தி, சக்கரத்தை மறுபடியும் இருத்த வேண்டும். புதுப்பித்தவர் அதை விளக்கியதோடு விடாமல் என்னையே செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். எந்திரத்தோடு இந்தப் பயிற்சியும் கிடைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சதுரக் கம்பி எடுக்க உருளைகளில் வெட்டியிருக்கும் காடிகளில் குறை உண்டு. தகட்டுப் பகுதியைப் போலக் காடிகளைச் சாணை பிடிப்பது எளிதல்ல என்பதால், மிகச் சிறிய இரண்டு காடிகளின் அடியில் பழைய துரு விட்டுச்சென்ற சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. “இத என்னால எடுக்க முடியலம்மா, தெரிஞ்சே வாங்கிக்குங்க” என்று நான் கவனிப்பதற்கு முன்னரே அவர் விளக்கை அருகில் பிடித்துக் காட்டினார். அந்தக் காடிகளில் வரும் கம்பியில் மெல்லிய கோடுகள் விழுகின்றன. பிறகு துளைகள் கொண்ட கம்பி அச்சில் இழுத்து மெல்லியதாக்கப்போகும் கம்பிக்கு இது பெரிய தொல்லை இல்லை. சதுரமாகவே பயன்படுத்த வேண்டிய மெல்லிய கம்பிக்குத் தொல்லைதான்.

உருளைகளின் அச்சைத் தாங்கும் வெண்கல புஷ்கள் நான்கும் புதிதாகக் கடைந்து போடப்பட்டவை. கைப்பிடியை ஆட்டிப் பார்த்தால் ஆட்டமே இல்லை. வார்ப்பிரும்பு உடலின் பழைய பச்சை வண்ணத்தைச் சுரண்டாமல், மண்ணெண்ணெயால் துடைத்து எண்ணெய் மட்டும் பூசியிருக்கிறார்கள். புது வண்ணம் அடித்தால் வெடிப்பும் ஒட்டுப்போட்ட இடமும் மறைந்துவிடும் என்பதால், வாங்குபவருக்கு இதுவே நல்லது.

மனக்குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வெகுநாள் கழித்தே எந்திரம் கைக்கு வந்தது, தாமதத்தைப் பற்றி நானாகக் கேட்கும் வரை தகவலும் இல்லை. பக்கவாட்டுப் பற்சக்கரங்களுக்கு மூடி கிடையாது. துப்பட்டாவோ தளர்ந்த சட்டைக்கையோ சிக்கினால் விளைவு மோசமாக இருக்கும் என்பதால், விற்பதற்கு முன் ஒரு தகட்டு மூடியாவது போட்டிருக்க வேண்டும். கொண்டுவந்து தருவதும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் வரைதான். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம், எந்திரத்தைப் பொருத்த வேண்டிய தாங்கியும் விலையில் சேரவில்லை.

பராமரிப்புக்கு ஒரு தாள் தருகிறார்கள், பயனுள்ள தாள். இந்த ஊரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுவதால், வேலை முடிந்ததும் உருளைகளில் மெல்லிய எண்ணெய் பூசித் துணியால் மூடி வைக்க வேண்டும். காய்ச்சி நீரில் அமிழ்த்திய தகட்டைத் துளி ஈரமும் இல்லாமல் துடைத்த பிறகே உருளைக்குள் விட வேண்டும். பற்றவைப்பின்போது சுற்றிய இரும்புக் கம்பித் துண்டு ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தகடு பாதிக் கனத்துக்கு வந்ததும் மீண்டும் காய்ச்சாமல் அழுத்தினால் ஓரம் வெடிக்கும் என்பதையும் அதில் சேர்த்திருக்கலாம். புதிதாகத் தொழில் கற்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அங்கேதான்.

பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்ட பிறகு, பழைய கருவியைத் தொட்டுப் பார்த்து வாங்குவதற்கான இடங்கள் இங்கே குறைந்துவிட்டன. படத்தை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்குவதைவிட, சோதித்துப் பார்க்க விடும் இந்தப் பட்டறையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். போகும்போது காய்ச்சிய செப்புத் துண்டு ஒன்றும் மைக்ரோமீட்டரும் எடுத்துச் செல்லுங்கள், பற்சக்கர மூடியைப் போட்டுத் தரும்படி விலை பேசும்போதே கேளுங்கள்.