எனாமல் அடுப்பில் கருகிய சொதியும் ஒரு கிலோ சலவைச் சோடாவும்

இலண்டனில் ஆறு ஆண்டுகள் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் வெள்ளை எனாமல் பூசிய எரிவாயு அடுப்பு ஒன்று இருந்தது. பொங்கி வழிந்த சொதியும் பாலும், கத்தரிக்காய் பொரிக்கும்போது தெறித்த எண்ணெயும் அதன் பர்னர்களைச் சுற்றிப் பழுப்பு வளையங்களாகவும் கருந்திட்டுகளாகவும் இறுகிக் கிடந்தன. வீட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கியபோது, துப்புரவுச் செலவு என்று முன்பணத்தில் கழித்துவிடுவார்களே என்ற கவலையோடு, நல்ல நிலையில் நம்மிடம் தரப்பட்ட பொருளை நல்ல நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. பலவற்றைப் பயன்படுத்திப் பார்த்தபின் அந்த அடுப்பை வெளுக்கச் செய்தது, கடையில் துணி துவைக்கும் பொருட்களுக்கு நடுவே 'சோடா கிரிஸ்டல்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும் சலவைச் சோடாதான். ஒரு கிலோ பொதி இரண்டு பவுண்டுக்குள் கிடைத்தது. எந்த நிறுவனத்தின் பொதியை வாங்கினாலும் உள்ளே இருப்பது அதே சோடியம் கார்பனேட்தான் என்பதால் பெயர் பார்த்து வாங்க வேண்டியதில்லை.

எனாமல் என்பது வண்ணப்பூச்சு அன்று. உருக்குத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. அதன்மேல் தெறிக்கும் எண்ணெய் பர்னரின் சூட்டில் மீண்டும் மீண்டும் காய்ந்து அரக்குப்போல இறுகிவிடுகிறது. பாலிலும் தேங்காய்ப்பாலிலும் உள்ள சர்க்கரையும் புரதமும் கருகி அந்த அரக்கோடு சேர்ந்துகொள்கின்றன. இந்தப் படலத்தைத் தேய்த்து எடுக்க முயன்றால் அடியில் உள்ள கண்ணாடியில்தான் கீறல் விழும். சலவைச் சோடா போன்ற காரப் பொருளின் (அமிலத்துக்கு எதிர்த்தன்மை கொண்டது) கரைசலில் ஊறவைத்தாலோ படலம் மெல்ல இளகி, பிடிப்பை விட்டுவிடுகிறது.

நான் செய்த முறை இது. எரிவாயுவை மூடி, அடுப்பு முழுவதும் ஆறியபின் பர்னர் மூடிகளையும் கம்பித் தாங்கிகளையும் எடுத்து வைத்தேன். அரை லீட்டர் வெந்நீரில் ஒரு சிறிய கோப்பை சோடாவைக் கரைத்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கறையின்மேல் விரித்து, ஈரம் காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பழுப்பு வளையங்கள் துணியோடு வந்துவிட்டன. பர்னரை ஒட்டியிருந்த கருந்திட்டுகளுக்கு மட்டும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், புதிதாகக் கரைத்த சூடான கரைசல் தேவைப்பட்டது. இளகிய படலத்தைக் காலாவதியான வங்கி அட்டையின் விளிம்பால் தள்ளியபோது அது தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. எஞ்சிய மங்கலான நிழலைச் சுண்ணக்கல் தூள் கலந்த சாதாரணத் துப்புரவுக் கிரீமால் மெதுவாகத் துடைத்தேன். பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவையில் சுண்ணக்கல்லின் கடினம் 3. கண்ணாடியின் கடினம் ஐந்துக்கு மேல் என்பதால் அது கீறாது.

மஞ்சள் கறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துணியை விரித்த சில நிமிடங்களில் அதன் ஓரம் செந்நிறமாக மாறியதைக் கண்டு, அடுப்பு கெட்டுவிட்டதோ என்று என் மனைவி பதறிவிட்டார். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமச் சிவப்பாவதும் இதுவும் ஒன்றே. காரம் பட்டதும் மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கிறது. நல்ல நீரால் இரண்டு முறை துடைத்தபின் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை.

இதற்கு முன் வாங்கிய, எரிசோடா (காஸ்டிக் சோடா) கலந்த தெளிப்பான் ஒன்று இதைவிட விரைவாகவே வேலை செய்தது. ஆனால் அதன் நெடியில் சமையலறையில் நிற்க முடியவில்லை. அடுப்பைத் திருகும் குமிழ்களின் அருகே அச்சிட்டிருந்த எண்களும் அதனோடு அழிந்துபோயின. சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து ஊற்றும்படி உறவினர் பலர் சொன்னார்கள். நுரை எழுவதைப் பார்க்க நம்பிக்கை வரத்தான் செய்கிறது. ஆயினும் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தணித்துவிடுவதால் கறையைக் கரைக்கும் வலிமை எதற்கும் மிஞ்சுவதில்லை. எலுமிச்சையையும் புளியையும் எனாமலின்மேல் நெடுநேரம் விட்டு வைப்பது நல்லதன்று. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியால் துலக்கிப் பழகிய நமக்கு இதை ஏற்பது கடினம். ஆனால் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துப் பளபளப்பைக் கெடுத்துவிடும். எங்கள் அடுப்பின் இடதுபக்கம் ரசம் வழிந்து ஓர் இரவு முழுவதும் கிடந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு மங்கல் இருந்தது. அது கறை அன்று, தேய்மானம். சோடாவால் அதை மீட்க முடியவில்லை, வேறு எதனாலும் முடியாது.

சோடாவிலும் குறைகள் உண்டு. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வறண்டு எரியும். ஒருமுறை மட்டும் துடைத்து விட்டால் காய்ந்தபின் வெண்மையான மாவுப் படலம் தெரியும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த இலண்டன் நீரில் அது இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. ஆகவே வெந்நீரால் இருமுறை துடைத்து உடனே உலர்த்த வேண்டும். மிக முக்கியமானது, அலுமினியத்தில் செய்த பர்னர் பாகங்களை இந்தக் கரைசலில் போடவே கூடாது. காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். அவற்றைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் மட்டும் கழுவினேன். எனாமல் பூசிய கம்பித் தாங்கிகளை வாளியில் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் ஒரு துடைப்பில் சுத்தமாகிவிட்டன.

மொத்த வேலைக்கும் பொதியில் பாதிகூடச் செலவாகவில்லை. மிச்சத்தை வாய் இறுகக் கட்டி வைப்பது நல்லது. இந்தப் பளிங்குகளின் எடையில் ஏறத்தாழ 63 விழுக்காடு நீர். திறந்து வைத்தால் அந்த நீர் ஆவியாகி, பளிங்கு வெண்பொடியாக உதிர்ந்துவிடும். பொடியானதும் கெட்டுப்போனதில்லை. அதே கரண்டியில் கூடுதல் சோடா இருக்கும் என்பதால், முன்பு எடுத்த அளவில் பாதி எடுத்தாலே போதும்.