தரவுத்தளத்தின் பிரதியைச் சேர்வரில் எடுத்துவிட்டு இறக்குவதா, இங்கிருந்தே இழுப்பதா?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் சிங்கப்பூர் சேர்வரில். நான் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில்.

ஓர் அட்டவணை மட்டும் என்றால் பிஎஸ்க்யூஎல்லில் (போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை கொடுக்கும் நிரல்) பின்சாய்வுக்கோடு போட்ட கொப்பி (\copy) கட்டளை போதும். கோப்பு நேராக நம் மடிக்கணினிக்கு வரும். சாய்வுக்கோடு இல்லாத கொப்பி கோப்பைச் சேர்வரின் வட்டிலேயே எழுதும்; அதற்குத் தனி அனுமதியும் வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

முழுத் தரவுத்தளம் என்றால் கதை வேறு. பிரதி எடுக்கும் நிரலான பிஜி டம்ப்பை இங்கிருந்தே ஓட்டலாம். சேர்வரில் இடம் பிடிக்காது. ஆனால் கார்த்திகை மழையில் கரண்ட் போய் றூட்டர் அணைந்தால், திரும்ப முதலிலிருந்துதான். எனக்கு ஒருமுறை முக்கால்வாசியில் அறுந்தது. அன்றிலிருந்து சேர்வரிலேயே, டிமக்ஸ் என்ற நிரலுக்குள் டம்ப் எடுக்கிறேன். எஸ்எஸ்எச் (சேர்வருக்கான இணைப்பு) அறுந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். பிஜி டம்ப்பின் கஸ்டம் வடிவத்தில் எடுத்தால் கோப்பு தானாகவே சுருங்கியும் வரும். அப்புறம் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கில், பாதி வந்த கோப்பை வைத்திருக்கும் பார்ஷியல் தெரிவைப் போட்டு இறக்குகிறேன். இடையில் நின்றாலும், மறுபடி ஓட்டினால் வந்த பகுதி வீணாகாது.

எனக்குச் சேர்வரில் எடுத்துவிட்டு இறக்கும் வழிதான் சரி. தொடங்குமுன் சேர்வரில் வட்டு இடத்தைப் பாருங்கள். இறக்கி முடிந்ததும் அங்குள்ள பிரதியை அழித்துவிடுங்கள். அதில் இருப்பது மற்றவர்களின் விவரம்.