டிஜிட்டல் சர்வே அப்ரண்டிஸ்: ஓராண்டு அனுபவம்

சிவில் டிகிரி முடித்துவிட்டு மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு நில சர்வே நிறுவனத்தில் ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்தேன்.

களப்பயிற்சிக்கு முழு மதிப்பெண் தருவேன். முதல் வாரமே யானைமலை அடிவாரத்தில் ஒரு தோப்பை அளந்தோம். செயற்கைக்கோள் மூலம் புள்ளியின் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். ரோவர் 'ஃபிக்ஸ்' ஆகவே இல்லை, அதாவது செ.மீ. துல்லியம் கிடைக்காமல் 'ஃப்ளோட்' நிலையிலேயே நின்றது. பாறை பாதி வானத்தை மறைத்துவிடுகிறது, செயற்கைக்கோள்கள் போதவில்லை. "தம்பி, ஃப்ளோட்ல எடுத்த புள்ளிய நம்பி யாருக்கும் கல்லு ஊன்றாத" என்றார் சீனியர் அண்ணன். திறந்த வெளியில் இரண்டு புள்ளி வைத்து, அங்கிருந்து கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியில் முடித்தோம். இன்னொரு நாள் அந்தக் கருவியில் ப்ரிசம் மாறிலி (கதிரைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக்கான தூரத் திருத்தம்) மைனஸ் 30 மி.மீ. கொடுக்க மறந்துவிட்டேன், எடுத்த தூரமெல்லாம் 3 செ.மீ. தப்பு. திட்டவில்லை, முழுவதையும் மறுபடி அளக்க வைத்தார்கள். சென்ட் கணக்கில் நிலம் வாங்கும் குடும்பங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லையே.

ஆபீஸ் பயிற்சிதான் குறை. நான்கு பேருக்கு ஒரே சிஸ்டம். பழைய புலப்படத்தின் (சர்வே எண்ணுக்கான அரசு நில வரைபடம்) ஜி லைனோடு, அதாவது அதன் அடிப்படை அளவுக் கோட்டோடு, புது அளவைப் பொருத்துவதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றேன். உதவித்தொகையும் இரண்டு முறை தள்ளிப்போனது, மனசு கஷ்டப்பட்டது. சேரும் முன் சம்பளத் தேதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அப்புறம், சித்திரை வெயிலுக்கு உங்களுக்கும் கருவிக்கும் தனித்தனியாகக் குடை வேண்டும்.