மிஷனரிகள் ஒலித்தொகுப்பு: ஜட்சன் பகுதிக்காகவே கேட்கலாம்

விசுவாசத்துக்காக உயிரையே பணயம் வைத்த மிஷனரிகளின் வாழ்க்கையைச் சொல்லும் இந்தத் தமிழ் ஒலித்தொகுப்பை முழுசாகக் கேட்டு முடித்தேன். ஆளுக்கு ஒரு பகுதி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். வாங்கலாமா என்றால் வாங்கலாம். ஆனால் எல்லாப் பகுதியும் ஒரே தரம் என்று நினைக்க வேண்டாம். சிலது மனசைப் பிசைகிறது, சிலது சாவை மட்டும் விலாவாரியாகச் சொல்லிவிட்டு அந்த மனுஷர் எப்படி வாழ்ந்தார் என்பதை அப்படியே விட்டுவிடுகிறது.

அதோனிராம் ஜட்சன் பகுதிதான் இருப்பதிலேயே அருமை. 1813ல் பர்மா போய்ச் சேர்ந்தவருக்கு முதல் விசுவாசி கிடைத்தது 1819ல். நடுவில் இருந்த அந்த வருஷங்களை, மொழி படித்ததையும் யாருமே திரும்பிப் பார்க்காமல் இருந்ததையும், அவசரப்படாமல் சொல்கிறார்கள். 1824ல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூள, அமெரிக்கரான இவரையும் உளவாளி என்று சந்தேகப்பட்டு ஆவா நகரச் சிறையில் தள்ளினார்கள். ராத்திரியானால் விலங்கு மாட்டிய கால்களுக்கு நடுவே மூங்கில் கழியைச் செருகி மேலே தூக்கிவிடுவார்கள், தோளும் தலையும் மட்டும் தரையில் படும், விடிகிறவரை அதே கோலம். இந்த இடத்தில் வாசிப்பவர் குரலை உயர்த்தவே இல்லை, பின்னணி இசையும் இல்லை, அதனாலேயே கேட்கும்போது உடம்பு நடுங்கிப் போகிறது.

அவர் மனைவி ஆன் அப்போது கர்ப்பிணி. அதிகாரிகளின் வாசல் வாசலாக ஏறி இறங்கி மன்றாடியதோடு, புதிய ஏற்பாட்டின் பர்மிய மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை முதலில் மண்ணில் புதைத்து, ஈரத்தில் கெட்டுவிடும் என்று மறுபடி தோண்டியெடுத்து, யாரும் ஆசைப்படாத ஒரு கெட்டித் தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள்ளேயே சேர்த்துவிடுகிறார். பிற்பாடு ஜட்சனை வேறு இடத்துக்கு இழுத்துப் போனபோது அந்தத் தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே, அவருடைய ஞாபகமாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டார். முழு வேதாகமமும் மொழிபெயர்த்து முடிந்தது 1834ல். அதைப் பார்க்க ஆன் இல்லை, 1826லேயே போய்விட்டார். மவுங் இங்கின் பெயரை விடாமல் சொன்னதற்காகவே இந்தப் பகுதியை எழுதியவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஏனென்றால் மற்ற பகுதிகளில் இதுதான் இல்லை. தென் அமெரிக்க நாடான ஈக்குவடோரில் நடந்ததைச் சொல்லும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 ஜனவரி 8, குராராய் ஆற்று மணல்திட்டு, ஜிம் எலியட், நேட் செயிண்ட் உட்பட ஐந்து மிஷனரிகள் வவோரானி என்ற பழங்குடி மக்களின் ஈட்டிக்குப் பலியாகிறார்கள். அவர்களிடம் துப்பாக்கி இருந்தும் அந்த மக்களைச் சுடக்கூடாது என்று முன்னாடியே முடிவெடுத்திருந்ததைச் சொல்கிறார்கள், நல்லது. ஆனால் கதை அங்கேயே நின்றுவிடுகிறது! 1958ல் எலியட்டின் மனைவி எலிசபெத் தன் சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு, நேட்டின் அக்கா ரேச்சலோடு அதே மக்கள் நடுவில் குடியிருக்கப் போனாரே, அது ஒரே வாக்கியத்தில் முடிகிறது. அந்த இனத்தைச் சேர்ந்த தாயுமா என்ற பெண் அவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்து வழியும் திறந்துவிடாமல் இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. அவர் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. ஹவாயின் மொலோகாய் தீவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்து, அதே நோய் பிடித்து 1889ல் இறந்த பாதிரியார் டேமியன் பகுதியிலும் இதே குறைதான். அவருக்கு அப்புறம் ஏறக்குறைய முப்பது வருஷம் அங்கே உழைத்த மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரியைக் காணோம்.

ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸ் பகுதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவரையும் பிலிப், திமொத்தி என்ற இரண்டு பையன்களையும் உயிரோடு கொளுத்தினார்கள், சின்னவனுக்கு ஆறு வயசுதான். அந்த இடத்தில் தீ எரிகிற சத்தமும் குழந்தை அலறலும் சேர்த்திருக்கிறார்கள். தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு நிமிஷத்தை அவர் மனைவி கிளாடிஸ் அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாம். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று சொன்னதோடு நிற்காமல், பாரிபடாவின் தொழுநோயாளிகளை விட்டுப் போகாமல் வருஷக்கணக்கில் அங்கேயே ஊழியத்தைத் தொடர்ந்தவர் அவர்.

அப்புறம் 2018ல் அந்தமானின் வட சென்டினல் தீவில் இறந்த அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ். அவரையும் ஜட்சனையும் ஒரே தட்டில் வைத்து இரத்தசாட்சி என்கிறார்கள். அந்த இளைஞரின் வைராக்கியத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் வெளியுலகத் தொடர்பே இல்லாத அந்தச் சின்னக் கூட்டத்துக்கு நம்முடைய சாதாரணக் காய்ச்சலே எமனாகலாம், சட்டம் அங்கே போகத் தடை போட்டிருப்பதும் அதனால்தான். தன் உயிரைப் பணயம் வைப்பது வேறு, தன் பேச்சைக் கேட்கச் சம்மதிக்காதவர்களின் உயிரையும் சேர்த்து வைப்பது வேறு. இந்தக் கேள்வியைத் தொடக்கூட இல்லை என்பது பெரிய குறை.

உச்சரிப்பு தெளிவு, பகுதிகளைத் தனித்தனியாக இறக்கிக்கொள்ளலாம், அதில் குறையில்லை. வாங்குகிறவர்கள் ஜட்சனில் ஆரம்பியுங்கள். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதாக இருந்தால் ஸ்டெயின்ஸ் பகுதியை முதலில் நீங்கள் கேளுங்கள்.

தயாரித்தவர்கள் அடுத்த தொகுப்பு எடுத்தால் பிஜித் தீவின் போதகர்களை எடுக்க வேண்டும். 1875ல், இன்றைய பப்புவா நியூ கினியில் இருக்கும் நியூ பிரிட்டன் தீவுக்குக் கிளம்பியவர்கள் இவர்கள். அங்கே போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடலாம் என்று அதிகாரிகள் எடுத்துச் சொல்லியும் மனசு மாறாமல் போனார்கள். 1878ல் அந்தத் தீவில் சைலாசா என்ற பிஜிப் போதகரும் இன்னும் மூன்று பேரும் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய கதையைத் தமிழில் கேட்க ரொம்ப ஆசைப்படுகிறேன், ஜட்சன் பகுதியை எழுதியவரே அதையும் எழுதட்டும்.